ஒலியை முந்தாத சன்னம்: துப்பாக்கி ஓசையின் பௌதிகமும் அதன் சமூகப் பொருளும்

துப்பாக்கியின் ஓசை ஒன்று என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. விசையை இழுத்ததும் 'டுமீல்' என்ற ஒலி பிறக்கின்றது என்பதற்கு அப்பால் நாம் அதனைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆயின் அந்த ஓசை தோன்றும் இடமும் காரணமும் வேறு வேறான பல ஓசைகளின் கூட்டாகும். குழல்வாயிலிருந்து வெளிப்படும் வாயுவின் முழக்கம் ஒன்று. ஒலியை முந்திச் செல்லும் சன்னம் காற்றைக் கிழிப்பதனாற் பிறக்கும் வெடிப்பொலி மற்றொன்று. பொறியின் உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை பிறிதொன்று. இவற்றுள் எதனை, யாருக்காக அடக்குவது என்ற வினா இன்று ஐக்கிய அமெரிக்காவிற் சட்டப் பிரச்சினையாகவும் வணிகப் பிரச்சினையாகவும் வளர்ந்துள்ளது. அங்கே பாரமான சன்னத்தை ஒலியின் வேகத்திலும் குறைந்த வேகத்திற் செலுத்துமாறு தோட்டாக்களைத் தம் வீட்டு மேசைகளிலேயே ஆக்கிக்கொள்ளும் ஒரு பழக்கமும் பரவியுள்ளது. இது செய்முறை கூறும் கட்டுரையன்று. மருந்தின் அளவுகள் எவையும் இங்கே தரப்படா. அப்பழக்கத்தின் பின்னாலுள்ள பௌதிகத்தையும் வரலாற்றையும் விளக்கி, 'செவிப் பாதுகாப்பு' என்ற பெயரில் முன்வைக்கப்படும் வாதம் எதுவரை செல்லும் என்பதை நோக்குவதே நமது நோக்கம்.

சொல்வழக்குப் பற்றி ஒரு குறிப்பு. பறந்து செல்லும் ஈயத் துண்டே சன்னம். சன்னம், வெடிமருந்து, கோது, பொறியூட்டி ஆகிய நான்கும் சேர்ந்த முழுமையே தோட்டா. பேச்சுவழக்கில் இவ்விரண்டும் மயங்குவதுண்டு. இக்கட்டுரைக்கு வேறுபாடு இன்றியமையாதது.

சன்னத்தின் ஓசை பற்றிய அறிவு ஒரு போர்க்குற்றச்சாட்டிலிருந்து தொடங்கியது. 1868 ஆம் ஆண்டின் சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் 400 கிராமிலும் குறைந்த எடையுள்ள, வெடிக்கும் தன்மையான எறியங்களைத் தடைசெய்தது. இரண்டு ஆண்டுகளில் பிரான்சுக்கும் புருசியாவுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சுப் படையின் சசெப்போ துப்பாக்கி ஏற்படுத்திய காயங்கள் கிண்ணம்போல் அகன்று காணப்பட்டமையால், தடைசெய்யப்பட்ட வெடிசன்னங்கள் பயன்படுத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பெல்ஜிய அறிஞரான லூயி மெல்சன்சு வேறு விளக்கம் தந்தார். விரைந்து செல்லும் சன்னம் தன் முன்னே அழுத்தப்பட்ட காற்றைச் சுமந்து செல்கின்றது என்றும், உடலிற் புகுந்து வெடிப்பது அக்காற்றே என்றும் அவர் கருதினார். 1881 இற் பாரிசில் அவருடைய உரையைக் கேட்டவர்களுள் பிராக் நகரிற் பேராசிரியராக இருந்த ஏர்ணஸ்ட் மாக் ஒருவர்.

இந்த மாக் நம் வாசகர் பலருக்கு வேறொரு வழியில் அறிமுகமானவர். 1909 இல் வெளிவந்த 'பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமரிசனமும்' என்ற நூலில் லெனின் கடுமையாகத் தாக்கிய மெய்யியலாளர் அவரே. புலனுணர்வுக்கு அப்பாற்பட்ட அணுவை ஏற்க மறுத்தவர், கண்ணுக்குப் புலனாகாத காற்றின் அதிர்வைக் கண்ணுக்குக் காட்டியமை சுவையான முரணாகும். மெய்யியலில் அவரை எதிர்ப்போரும் ஒரு செய்தியை நினைவிற்கொள்ளல் தகும். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்திருந்த நிலையிலும், 1901 இல் ஒஸ்திரியப் பிரபுக்கள் சபையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநேரத்தை ஒன்பது மணித்தியாலமாகக் குறைக்கும் சட்டத்துக்கு வாக்களிக்க அவர் நோயாளர் வண்டியிற் சென்றார்.

பறக்கும் சன்னத்தைப் படம்பிடிக்க மாக் முதலிற் பிராக்கில் முயன்றபோது, சன்னத்தின் உருவம் பதிந்ததேயன்றி அதனைச் சூழ்ந்த காற்றில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. பயன்படுத்திய கைத்துப்பாக்கியின் சன்னம் ஒலியிலும் மெதுவாகச் சென்றதே காரணம். ஆகவே அவர் பியூமே நகரின் கடற்படைக் கல்லூரியிற் கற்பித்த பீற்றர் சால்கரை நாடினார். அந்நகரம் இன்று குரோவேசியாவின் ரியேக்கா ஆகும். சால்கர் வேகம் மிகுந்த துப்பாக்கிகளைக் கொண்டு 1886 இல் அப்படங்களை எடுத்தார்; முடிவுகள் 1887 இல் வியன்னா அறிவியற் கழக வெளியீட்டில் வந்தன. மின்பொறியின் கணநேர ஒளியில், அகுஸ்ட் டோப்ளர் வகுத்திருந்த ஒளியியல் முறையாற் பதிவான அச்சிறு படங்களில், சன்னத்தின் நுனியிலிருந்து இருபுறமும் சாய்ந்து பின்செல்லும் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஓடும் படகின் அணியத்திலிருந்து விரியும் நீர்வரிகளை ஒத்த அவை அதிர்ச்சி அலைகளாம். ஒலியின் வேகத்தைச் சன்னத்தின் வேகத்தால் வகுக்க வருவது அந்தக் கூம்பின் அரைக்கோணத்தினது சைன் பெறுமானம். செக்கனுக்கு 840 மீற்றர் செல்லும் சன்னத்துக்கு இக்கோணம் ஏறத்தாழ 24 பாகை. வேகம் குறையக் குறையக் கூம்பு அகன்று, ஒலியின் வேகத்துக்குக் கீழே இல்லாமலே போகின்றது. பிராக்கிற் கண்ட வெறுமைக்கு இதுவே விளக்கம். வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிடும் எண்ணுக்கு 'மாக் எண்' என்ற பெயரை 1929 இல் முன்மொழிந்தவர் சுவிற்சர்லாந்தின் யாக்கொப் அக்கெரெற்.

வெடிப்பொலி துப்பாக்கியிருக்கும் இடத்திற் பிறந்து பரவுவதன்று. சன்னம் செல்லும் பாதை முழுவதிலும் ஒவ்வொரு கணமும் புதிதாகப் பிறந்துகொண்டே செல்வது. பாதைக்கு அருகே, 300 மீற்றர் தொலைவில் நிற்பவனைக் கருதுவோம். விரைந்த சன்னம் ஏறத்தாழ 0.4 செக்கனில் அவனைக் கடந்துவிடும். அக்கணமே 'பளார்' என்ற வெடிப்பு. குழல்வாயின் முழக்கம் அவனை அடைய 0.9 செக்கன் அளவு செல்லும். இடைப்பட்ட அரைச் செக்கனே போர்வீரன் எதிரியின் தூரத்தை மதிப்பிடும் அளவுகோலாயிற்று. முதலாம் உலகப் போரில் இந்த இரு ஓசைகளையும் பிரித்தறிவது பெரும் பிரச்சினையாகவே இருந்தது. 1915 இல் தந்தையுடன் நோபல் பரிசு பெற்ற இளைஞரான லோரன்ஸ் பிராக், பகைவரின் பீரங்கி இருக்குமிடத்தை ஒலியால் அறியும் பணியில் ஈடுபட்டிருந்தார். ஒலிவாங்கிகள் எறிகணையின் கூர்மையான வெடிப்பையே பதிந்தன. வேண்டியதோ பீரங்கிவாயின் தாழ்ந்த முழக்கம். மலசலகூடத்தில் அமர்ந்திருந்தபோது செவிக்குக் கேளாத தாழ் அலை தம்மை இருக்கையிலிருந்து சற்றே உயர்த்தியதை உணர்ந்தமை தமக்குத் துப்புத் தந்ததென அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். தாழ் அலைக்கு மட்டும் குளிர்ந்து காட்டும் சூடான கம்பி ஒலிவாங்கியை 1916 இல் ரக்கர் ஆக்கிக் கொடுத்தார். துப்பாக்கி ஓசை ஒரு சாட்சி என்பதை இந்த வரலாறு புலப்படுத்தும். எங்கிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து, எத்திசை நோக்கிச் சுடப்படுகின்றது என்பதைக் கேட்பவனுக்கு அது சொல்லிவிடுகின்றது.

இனி அச்சாட்சியை அடக்கும் முயற்சிக்கு வருவோம். இயந்திரத் துப்பாக்கியை 1884 இல் ஆக்கிய ஹிராம் ஸ்டீவன்ஸ் மக்சிம், தம் கண்டுபிடிப்பின் ஓயாத முழக்கத்தினாற் செவிப்புலனை இழந்தார். அவர் மகன் ஹிராம் பேர்சி மக்சிம் 1909 இற் காப்புரிமை பெற்ற கருவி 'சைலன்சர்'. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் குடியேற்றப் படைகளின் கையில் எத்தனையோ உயிர்களைக் கொன்ற கருவியின் தந்தை செவிடானதும், மகன் ஓசையை அடக்க முனைந்ததும் கதாசிரியன் புனைந்தால் நம்பத் தயங்குவோம். (லெனின் மாக்கைத் தாக்கிய ஆண்டும் அதே 1909 என்பது தற்செயல், அதற்குமேல் அதிற் பொருள் காண வேண்டியதில்லை.)

கருவியின் தத்துவம் எளியது. சன்னம் குழல்வாயை விட்டு நீங்கும்போது அதன் பின்னாலுள்ள வாயு வளிமண்டலத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு அமுக்கத்தில் இருக்கும். திடீரென விடுதலையாகும் அவ்வாயுவே முழக்கத்தை எழுப்புகின்றது. அதனை அறைகள் பலவாகத் தடுக்கப்பட்ட ஓர் உருளைக்குட் செலுத்தி, சுழலவும் விரியவும் குளிரவும் விட்டுச் சிறிது சிறிதாக வெளியேற்றினால் முழக்கம் தணியும். மோட்டார் வண்டியின் புகைபோக்கியிற் செய்யப்படுவதும் இதுவே. பின்னாளில் மக்சிமின் நிறுவனம் இயந்திரங்களின் ஓசையைத் தணிக்கும் தொழிலுக்கே திரும்பியது.

எனினும் 'மௌனமாக்கி' என்ற பெயர் பொருத்தமற்றது. 'தணிப்பான்' என்பதே தகும். துப்பாக்கியின் உச்ச ஒலிமட்டம் 150 முதல் 170 டெசிபெல் வரையாகும். நல்ல தணிப்பான் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். டெசிபெல் மடக்கை அளவாதலால் இது ஒலிச்செறிவில் நூறு மடங்கு முதல் ஆயிரக்கணக்கான மடங்கு வரையான வீழ்ச்சி. ஆயினும் எஞ்சும் ஓசை திரைப்படங்களிற் கேட்கும் மெல்லிய 'புஸ்' அன்று. கணநேர ஓசைக்குச் செவியின் ஆபத்தெல்லையாகக் கொள்ளப்படும் 140 டெசிபெல்லுக்கு அண்மையிலேயே அது பெரும்பாலும் நிற்கும். அதனினும் முக்கியமாக, தணிப்பான் சன்னத்தின் வெடிப்பொலியை ஒன்றும் செய்யமாட்டாது. குழலை விட்டு நீங்கிய பின் சன்னத்தின்மீது கருவிக்கு எந்த அதிகாரமும் இல்லை.

வெடிப்பொலியை ஒழிக்க வழி ஒன்றே: சன்னம் ஒலியை முந்தாதிருத்தல். இங்கேதான் பாரத்தின் பிரச்சினை எழுகின்றது. இயக்கசக்தி திணிவோடு நேர்விகிதமாகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் மாறுவது. 9.5 கிராம் திணிவுள்ள படைத்துறைச் சன்னம் செக்கனுக்கு 840 மீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 3350 யூல் சக்தியைக் கொண்டிருக்கும். அதே சன்னத்தைச் செக்கனுக்கு 310 மீற்றராகக் குறைத்தால் எஞ்சுவது 460 யூல் அளவே. வேகத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டபின் கூட்டக்கூடியது திணிவு ஒன்றுதான். சன்னத்தை 14.3 கிராமாக்கினால் 690 யூல் வரை கிடைக்கும். விட்டம் மாறாதிருக்கத் திணிவைக் கூட்டுவதாயின் சன்னம் நீள வேண்டும். நீண்ட சன்னம் பறப்பில் நிலைத்திருக்க விரைந்து சுழல வேண்டும். நீளத்துக்கும் புரியின் முறுக்குக்கும் உள்ள தொடர்பை ஊல்விச்சிற் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜோர்ஜ் கிறீன்ஹில் 1879 இல் வகுத்தார். வழக்கமான 0.30 அங்குலத் துப்பாக்கிகளில் 10 முதல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருக்கும் புரி, இத்தகைய நீண்ட சன்னங்களுக்கு 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கப்படுவது இதனாலேயே. சுழற்சி போதாத சன்னம் தள்ளாடித் தணிப்பானின் தடுப்புகளிலேயே மோதுவதும் உண்டு.

வேகம் குறைந்தமைக்கு வேறொரு விலையும் உண்டு. 100 மீற்றரைக் கடக்க விரைந்த சன்னத்துக்கு 0.12 செக்கன் போதும். அதற்குள் புவியீர்ப்பு அதனை 7 சென்ரிமீற்றர் மட்டில் இறக்கும். மெதுவான சன்னம் 0.33 செக்கன் எடுத்து அரை மீற்றருக்கு மேல் இறங்கும். 200 மீற்றரில் இறக்கம் இரண்டு மீற்றரைத் தாண்டும். தூரத்தைச் சிறிது தவறாக மதிப்பிட்டாலும் குறி தவறும். விரைவான மோதலிற் சிதைந்து விரியுமாறு ஆக்கப்பட்ட வேட்டைச் சன்னங்கள் மெதுவாகச் செல்கையில் விரியாமலே விலங்கை ஊடுருவிச் செல்லலாம். காயமுற்ற விலங்கு நெடுந்தூரம் ஓடி அவலமாக மடியும்.

ஒலியின் வேகமும் ஒரு நிலையான எல்லையன்று. அது காற்றின் அமுக்கத்தை அன்றி வெப்பநிலையைச் சார்ந்தது: 30 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர், 20 பாகையில் 343, பூச்சியத்தில் 331, பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் 325. கோடையில் அடங்கியிருந்த தோட்டா பனிக்காலத்தில் வெடிப்பொலி எழுப்பலாம். குளிரில் வெடிமருந்தின் எரிதலும் தளர்வதால் எந்த மாற்றம் மேலோங்கும் என்பது மருந்தின் இயல்பைப் பொறுத்தது. சன்னத்தின் வேகம் ஒலியை எட்டுமுன்னரே அதன் வளைந்த முகப்பைச் சுற்றியோடும் காற்று அவ்வேகத்தை எட்டிவிடுவதும் உண்டு. ஆகவேதான் எல்லையை ஒட்டி நில்லாமல், செக்கனுக்கு 310 மீற்றர் என்ற அளவில் இடைவெளி விட்டு நிற்கின்றனர்.

இவற்றை முதலில் முறையாகப் பயன்படுத்தியோர் அரசுகளின் இரகசியப் படைகளே. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் ஆக்கிய டி லைல் துப்பாக்கி, லீ என்பீல்ட் பொறியில் 0.45 அங்குலக் கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பொருத்தியது. அத்தோட்டாவின் 15 கிராம் சன்னம் இயல்பிலேயே ஒலியிலும் மெதுவானது. ஒவ்வொரு முறையும் கையாற் பூட்டை இயக்கவேண்டியிருந்தமை குறையன்று. நாம் தொடக்கத்திற் கூறிய மூன்றாவது ஓசையும் அதனால் அடங்கியது. வெல்வின் நகரில் உருவான வெல்றொட் கைத்துப்பாக்கியும் அவ்வாறே. சோவியத் ஒன்றியத்தின் விசேட படைப்பிரிவுகள் 1987 இல் ஏற்றுக்கொண்ட 'வின்ரொறேஸ்' துப்பாக்கி 16 கிராம் சன்னத்தைச் செக்கனுக்கு 290 மீற்றர் அளவிற் செலுத்தியது. அதன் சக்தி 680 யூல் வரையாகும். அமெரிக்கர் பின்னர் எட்டியதும் கிட்டத்தட்ட அதே எண். எதிரெதிர் முகாம்களின் பொறியியலாளரைப் பௌதிகம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கேளாது கொல்லும் தேவை இரு முகாம்களுக்கும் இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஜே. டி. ஜோன்ஸ் 'விஸ்பர்' என்ற தோட்டா வகையை உருவாக்கினார். 'விஸ்பர்' என்றால் கிசுகிசுப்பு. அதன் வழியில் வந்த '300 பிளாக்கவுட்' 2011 இல் அந்நாட்டுத் தோட்டா உற்பத்தியாளரின் நியம அமைப்பால் ஏற்கப்பட்டது. தனியாள் தன் தோட்டாவைத் தானே ஆக்கிக்கொள்ளும் மரபு அங்கே புதியதன்று. 1870களில் எருமை வேட்டைக்காரர் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கியெடுத்து, ஈயம் உருக்கி வார்த்து மீளநிரப்பினர். இன்று தொழிற்சாலைச் சரக்கின் விலையும், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏற்ற வேகத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் விருப்பமும் மக்களை அம்மேசைக்கு இழுக்கின்றன. பொறுமையும் துல்லியமும் வேண்டும் கைவினை அது, இடரும் உண்டு. பெரிய கோதினுள் சிறிதளவு மருந்து இருக்கையில் அது எப்பக்கம் சரிந்து கிடக்கின்றது என்பதே எரிதலை மாற்றிவிடும். வலுக்குன்றிய வெடிப்பிற் சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கிவிட, அதனை அறியாது அடுத்ததைச் சுடுபவனின் கையிலேயே குழல் பிளந்துவிடலாம். ஓசை குறைவதே நோக்கமாதலால், சிக்கியதற்கும் சென்றதற்கும் வேறுபாடு காதுக்குத் தெளிவாவதில்லை.

இப்பொழுது வாதத்துக்கு வருவோம். 1934 ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டம் இயந்திரத் துப்பாக்கிகளோடு தணிப்பானையும் பதிவுக்குட்படுத்தி, கைமாற்றத்துக்கு 200 டொலர் வரி விதித்தது. அக்காலத்தில் அது கருவியின் விலையைப்போற் பல மடங்கு. 2015 முதல் இவ்வரியை நீக்கக் கோரி அமெரிக்கக் கொங்கிரசில் முன்வைக்கப்பட்ட மசோதாவின் பெயர் 'செவிப் பாதுகாப்புச் சட்டம்'. பெயரிலுள்ள காரணத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. சுடுபவரின் செவிச்சேதம் மெய்யானது. மூத்த மக்சிமே சான்று. நோர்வே, பின்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் தணிப்பானைப் பொருத்துவது நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. அயலவரின் அமைதிக்கும் அது உதவுகின்றது.

ஆனால் ஓசைகளைப் பிரித்து நோக்கினால் வாதத்தின் எல்லை தெரியும். சுடுபவனின் செவிக்கருகே பிறப்பது குழல்வாயின் முழக்கம். அதனைத் தணிப்பான் தணிக்கின்றது. வெடிப்பொலியோ அவனை விட்டு அகன்று செல்லும் கூம்பில், முன்னாலும் பக்கத்திலும் உள்ளோரை நோக்கிச் செல்வது. சூழலில் மோதித் திரும்புவது அவனையும் எட்டும் என்பது உண்மையே. தகரக் கூரையின் கீழோ மரங்களடர்ந்த இடத்திலோ அது பொருட்படுத்தத் தக்கதாகவும் இருக்கலாம். எனினும் அதன் பெரும்பகுதி மற்றவர்க்கு உரியது. ஆகவே தணிப்பானுக்கு உரிய செவிப் பாதுகாப்பு வாதத்தை மெதுவான பாரச் சன்னத்துக்கும் அப்படியே நீட்டுதல் பொருந்தாது. அங்கே முதன்மையாக நீக்கப்படுவது, குறியின் பக்கத்தில் நிற்பவன் அறிந்துகொள்ளும் வாய்ப்பு. பண்ணையிற் பயிரழிக்கும் பன்றிக்கூட்டத்தைச் சுடுபவன் கூட்டம் கலையாதிருக்க அதனை விரும்புவது நியாயமான தேவையே. அத்தேவையைச் செவியின் பெயராற் சொல்லாது அதன் பெயராலேயே சொல்லட்டும்.

2019 மே 31 ஆம் திகதி வேர்ஜினியா பீச் நகராட்சிக் கட்டிடத்தில் 12 பேரைக் கொன்றவன் பயன்படுத்தியது தணிப்பான் பொருத்திய 0.45 அங்குலக் கைத்துப்பாக்கி. டி லைல் துப்பாக்கிக்குப் பிரித்தானியர் தேர்ந்தெடுத்த அதே வகைத் தோட்டா அது.

2025 யூலை 4 ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டம் அந்த 200 டொலர் வரியை 2026 சனவரி 1 முதல் பூச்சியமாக்கியது. பதிவு முறை நீக்கப்படவில்லை. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் குழலின் நீளத்தை அளக்கின்றது, தணிப்பானை எண்ணிடுகின்றது. சன்னத்தின் வேகம் பற்றி அதில் எதுவும் இல்லை.